ஏழாம் நம்பர் கம்பி

கோல்ஃப் மட்டை புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் மட்டையைத்தான் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது தங்கள் கையை. செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, மணிக்கட்டிலிருந்து தரைவரை எத்தனை அங்குலம் என்று இன்னொருவரை அளக்கச் சொல்ல வேண்டும். உயரமான ஆளுக்கு நீளமான மட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கை நீண்டிருந்தால் உயரம் ஒரு பொருட்டே அல்ல. இதைச் சொன்னால் பெரிய பெரிய ஆட்களுக்குக்கூடக் கோபம் வரும். அதனால் நான் கேட்டால் மட்டும்தான் சொல்வேன்.

என் பெயர் அப்துல் வாஹித். ஊர் எம்.ரெட்டியபட்டி. துபாயில் ஒரு கோல்ஃப் கிளப்பின் பழுது பார்க்கும் அறையில் இருபத்து மூன்று வருடம் இருந்தேன். வீரபாண்டியும் காளிராஜும் கிணற்றுக்குள் இறந்து இன்றோடு பதினேழு நாள். பழைய கிணற்றில் ஆளை இறக்குவதற்கு முன், எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை விட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விளக்கு அணைந்தால் கீழே கெட்ட காற்று, இறங்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இது தெரியும். அதைக்கூடச் செய்யாமல் வேலைக்காரனை உள்ளே விட்டுவிட்டார் என்று வீரபாண்டியை ஊரே திட்டுகிறது. காளிராஜின் சொந்தக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். அவர் மேல் தவறில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். இந்த ஸ்டேஷனுக்கு நீங்கள் கூப்பிட்டு வரவில்லை, நானாகத்தான் வந்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மட்டையைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

கிளப்பில் எனக்கு வேலை, கையுறை போட்ட கைகளில் தேய்ந்த ரப்பர் பிடிகளை உரித்துப் புதுப்பிடி மாட்டுவது. மட்டையின் தலை ஒரு டிகிரி, இரண்டு டிகிரி சாய்ந்திருந்தால் இடுக்கியில் பிடித்து நிமிர்த்துவது. மட்டை எனக்குத் தெரிந்த அளவுக்கு அதை வைத்து ஆடியவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பச்சைப் புல்லில் நான் ஒரு பந்துகூட அடித்ததில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு லேபர் கேம்புக்குப் பின்னால் மணல்வெளி இருந்தது. ஒரு முழத் துண்டு பிளாஸ்டிக் புல்தரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவோம். பந்து எங்கே விழுகிறதோ அங்கே அந்தத் துண்டைப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிப்போம். இல்லாவிட்டால் மணல் மட்டையின் முகத்தைத் தின்றுவிடும். கழித்துப் போட்ட மட்டைகளில் ஆளுக்கு இரண்டு மூன்று வைத்திருந்தோம். எல்லாம் யாரோ ஒருவருடைய கைக்கு அளந்தவை.

ஊர் திரும்ப இரண்டு வருடம் இருக்கும்போது எனக்கென்று ஒரு செட் வாங்க முடிவு செய்தேன். இரும்பு மட்டைகளில் இரண்டு வகை உண்டு. பின்பக்கம் குடைந்து, தலை பெரிதாக இருப்பவை ஒன்று. பந்து ஓரத்தில் பட்டாலும் ஒப்பேற்றிவிடும். ஐம்பத்தைந்து வயது ஆளுக்கு அதுதான் புத்தியுள்ள தேர்வு. மற்றது அடித்துச் செய்த இரும்பு. தலை மெல்லியதாக, கத்தி போல இருக்கும். நடுவில் பட்டால் கைக்குப் பட்டதே தெரியாது. ஒரு நூல் தள்ளிப் பட்டால் முழங்கைவரை உதறும். நான் இரண்டாவதை எடுத்தேன். என் தவறை எனக்குச் சொல்லாத மட்டை எனக்கு எதற்கு? நான்காம் நம்பர் முதல் ஒன்பது வரை ஆறு, குட்டை அடிக்கு ஒன்று, ஆக ஏழு. தண்டை நானே அறுத்தேன். சாய்வை நானே வைத்தேன். பிடியை நானே மாட்டினேன். மதுரை ஏர்போர்ட்டில் பையைத் திறந்து பார்த்தவர், "கம்பி வேலையா பாய்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

ஊரிலும் கம்பி என்றே பெயர் நிலைத்துவிட்டது. என் மனைவி ஷஹீனா, நான் தினமும் சாயங்காலம் அவற்றை எண்ணெய்த் துணியால் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "கம்பிக்கு உள்ள கொடுப்பினை இந்த வீட்ல மனுசருக்கு இல்லங்க" என்பாள். கேலிதான் என்றாலும் அது உண்மை. அந்த ஏழையும் நான் நேசித்தேன். அதிலும் ஏழாம் நம்பரை. மற்றவற்றுடன் நான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஏழாம் நம்பர் மட்டும் என் கை நினைத்ததைச் செய்தது.

மாசியில் காய்ந்த பருத்திமார்ச் செடியைப் பிடுங்கி முடித்தால் ஆவணி மழைவரை எங்கள் கரிசல் சும்மா கிடக்கும். பரளச்சி ரோட்டுக்குத் தெற்கே ஒருவரை ஒருவர் தெரிந்த நாலைந்து பேருடைய புன்செய்க் காடுகள். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு களம் உண்டு. சாணம் போட்டு மெழுகிய களத்தைவிட நல்ல தரை பந்து உருட்டுவதற்கு எங்கே கிடைக்கும்? ஓரமாக ஒரு பால்பவுடர் டப்பாவைப் புதைத்தால் குழி தயார். ஐந்து களம், ஐந்து குழி. வழியில் கரிசல் வெடிப்பு பாளம் பாளமாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். உள்ளே போன பந்து போனதுதான். துபாயில் பிடித்த அதே புல்துண்டோடு நான் காலையில் கிளம்பிவிடுவேன். ஆடு மேய்ப்பவர்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு பந்து வரும் பக்கம் ஆட்டை விடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அந்தக் களங்களில் இரண்டு வீரபாண்டியுடையவை. பதினெட்டு ஏக்கர், நாற்பத்தைந்து வயது, நல்ல உடம்பு. ரோட்டோர நிலத்தில் கொஞ்சம் விற்றுவிட்டு நிம்மதியாக இருந்தவர். ஒருநாள் வரப்பில் நின்று பார்த்தார். மறுநாள், "பாய், ஒண்ணு குடுங்க, நானும் ரெண்டு போடு போட்டுப் பாக்குறேன்" என்றார். கழித்துப் போட்டதிலிருந்து கொண்டு வந்திருந்த பழைய மட்டைகளைக் கொடுத்தேன். அவருடைய உயரத்துக்கும் கைக்கும் அவை பொருந்தவே பொருந்தாது. ஆறு மாதத்தில் அவற்றை வைத்துக்கொண்டே என்னை ஜெயிக்க ஆரம்பித்தார்.

வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அதனால்தான் இது நடந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் அவருக்குச் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறவன் ஜெயிக்கும் இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தன் தப்பைத் தானே சொல்லி, தானே ஒரு அடி கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை நான் மட்டையை வைத்தபோது பந்து ஒரு மயிரிழை நகர்ந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு அடி கூட்டினேன். "இத யாரு பாய் பாத்தா?" என்று சிரித்தார். "நான் பாத்தேன்ல" என்றேன். அந்த ஒரு அடியில்தான் அன்றைக்குத் தோற்றேன். இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவனும் அதே ஆள்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குமேல் இருக்கும். மூன்றாவது களத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். வீரபாண்டி, தனக்கும் ஒரு செட் புதிதாக வாங்கப் போவதாகச் சொன்னார். "நீங்கதான் பாத்து எடுத்துக் குடுக்கணும். எனக்கு என்ன தெரியும்?" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி நிற்க வைத்து, பையிலிருந்த டேப்பால் மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்தேன். என் அளவும் அவர் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. அவர் என்னைவிட அரையடி உயரம், ஆனால் கை நீளம். "அப்ப ஒங்க கம்பி எனக்கும் சேருமே" என்றார். அதுவரை யாரும் தொடாத ஏழாம் நம்பரை எடுத்துக் கொடுத்தேன்.

முதல் பந்து நான் என்றைக்கும் அடித்திராத தூரம் போனது. நடுவில் பட்ட சத்தம் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. இன்னொன்று என்றார். உள்ளங்கை முழுக்க வேர்வை. துடைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நினைப்பதற்குள் வீசிவிட்டார். மட்டை கையைவிட்டு நழுவி, இடப்பக்கம் சுழன்றுகொண்டே போய், அவருடைய பழைய கிணற்றுக்குள் விழுந்தது. கல்லில் இரண்டு தடவை பட்ட சத்தம் கேட்டது.

வீரபாண்டி சிரித்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல, கூச்சத்தில். "அட விடுங்க பாய். வாங்குறதுதான் வாங்குறோம், ஒங்களுக்கும் சேத்துப் புதுசா ஒரு செட்டு வாங்கிருவோம்" என்றார். நல்ல மனிதர். அவரால் முடியும், வாங்கியும் கொடுத்திருப்பார். அந்த நிமிடத்தில் அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்போல. "இருங்க, நம்ம காளி பக்கத்துலதான் முள்ளு வெட்டிக்கிட்டு நிக்கிறான், எடுத்துத் தரச் சொல்றேன்" என்று குரல் கொடுத்தார்.

காளிராஜ் அவருடைய டிராக்டர் ஓட்டுகிறவன். முப்பது வயதுகூட இருக்காது. கிணறு ஆழப்படுத்தும் வேலைக்கும் போயிருக்கிறான், கிணற்றில் இறங்குவது அவனுக்குப் படி இறங்குவது மாதிரி. மனைவி ரோஷினி நூல் மில்லுக்குப் போகிறாள். மகளை இந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். மோட்டார் ரூமிலிருந்து கயிறும் அரிக்கேன் விளக்கும் அவன்தான் எடுத்து வந்தான். யாரும் சொல்லாமலே விளக்கோடு வந்தான். வீரபாண்டியும் சொன்னார்: "ஏலே, எட்டு வருசமா தண்ணி இல்லாத கெணறு. வெளக்க விட்டுப் பாத்துட்டு எறங்கு." அவர் சொன்ன சொல் இதுதான். சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, ரோட்டோரம் பைக்கில் இருக்கும் தண்ணீர் கேனை எடுக்கப் போனார். இரண்டு காடு தள்ளிப் போய்வர வேண்டும்.

விளக்கை நான் இறக்குகிறேன் என்று காளிராஜிடம் வாங்கிக்கொண்டேன். அவன், கீழே காற்றைக் கலக்கிவிட ஒரு வேப்பங்குழை ஒடிக்கப் போனான். கிணறு ஐம்பதடி இருக்கும். பக்கவாட்டில் நீட்டிய படிக்கல் முக்கால்வாசி ஆழம்வரை உண்டு. அதற்குக் கீழே மொட்டைச் சுவர். வருடக்கணக்காகப் பருத்திமாரும் குப்பையும் விழுந்து மக்கிக் கிடந்தது. விளக்கு கடைசிப் படிக்கல்லைத் தாண்டி இரண்டு ஆள் ஆழம் போனதும் அணைந்தது. காற்று அடித்து அணையும்போது சுடர் துடிக்கும். இது துடிக்கவில்லை. திரியைக் குறைத்த மாதிரி சுருங்கி, போய்விட்டது. அதற்கு முன் அந்த வெளிச்சத்தில் ஏழாம் நம்பர் குப்பைமேல் குறுக்கே கிடப்பதைப் பார்த்துவிட்டேன்.

மேலே இழுத்தேன். அவன் வைத்துவிட்டுப் போன தீப்பெட்டியால் மறுபடி பற்ற வைத்தேன். குழையோடு வந்தவன், "எரியுதா பாய்?" என்று கேட்டான். "எரியுது" என்றேன். அவன் எதைக் கேட்டான் என்பது எனக்குத் தெரியும். என் கையில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் அது பொய் இல்லை என்று பத்து நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது சொல்வதில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். அணைந்தது என்று சொல்லியிருந்தால் முறைப்படி தண்ணீர் தெளித்து, காற்றடிக்கும் மிஷின் கொண்டுவந்து வைத்து, ஒருநாள் இரண்டு நாள் பார்த்துத்தான் ஆளை விட வேண்டும். ஒரு கம்பிக்காக யார் அதையெல்லாம் செய்வார்கள்? மறுநாள் காளிராஜ் உழவுக்கு வண்டியோடு திருச்சுழிப் பக்கம் போகிறான். வீரபாண்டி, புது செட்டு வாங்கிக்கிடலாம் என்பதையே திரும்பச் சொல்வார். அடித்துச் செய்த இரும்பு ஈரக் குப்பையில் ஒரு வாரம் கிடந்தால் முகம் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். வாலிபப் பையன், மூச்சுப் பிடித்தால்கூட ஒரு நிமிடம் தாங்குவான், எடுத்துக்கொண்டு வருவதற்கு ஒரு நிமிடம் போதும் என்று நினைத்தேன். யோசித்துத்தான் செய்தேன்.

வடக்கயிற்றை, முன்பு மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கமலையின் கல்தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன். காளிராஜ் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு குழையோடு இறங்கினான். கடைசிப் படிக்கல்வரை விறுவிறு என்று போனான். அங்கே நின்று குழையை ஆட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்துத் தொங்கி அடிக்குப் போனான். "வாட அடிக்குது பாய்" என்று சத்தம் கொடுத்தான். கம்பியை எடுத்து எனக்குக் காட்டினான். அதைக் கைலியில் செருகிக்கொண்டு அப்படியே ஏறத் தயாரானான்.

அவன் இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினால் மட்டையின் தலை சுவரெல்லாம் இடிபடும். ஏற்கெனவே இரண்டு தடவை கல்லில் பட்டிருக்கிறது. "காளி, மொதல்ல கயித்த அவுத்து அதக் கட்டி விடுப்பா. நீ அடுத்தாப்ல வரலாம்" என்றேன். அவன் ஒருகணம் மேலே பார்த்தான். பெரியவர் சொல்கிறார் என்று அவிழ்த்தான். பிடிக்குக் கீழே சுற்றி, லோடு கட்டுகிறவர்கள் போடும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். சுவரில் உரசாமல் நடுவாக இழுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாய், கயிறு" என்றான். முடிச்சு இறுகியிருந்தது. அவசரப்பட்டு இழுத்தால் தண்டில் கீறல் விழும் என்று நகத்தால் ஒவ்வொரு சுற்றாக நெம்பினேன். இன்னொரு தடவை "பாய்" என்றான். சத்தம் முதல் தடவையைவிடச் சின்னதாக இருந்தது. அந்த முடிச்சை அறுத்துவிட அரிவாள் காலடியிலேயே கிடந்தது, அவன் முள் வெட்டிய அரிவாள். கயிற்றை விடுவித்துக் கீழே போட்டபோது அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கயிறு மடியிலேயே விழுந்தது. எடுக்கவில்லை. பிறகு பக்கவாட்டில் சரிந்தான்.

வீரபாண்டி தண்ணீர் கேனோடு வந்தார். "எங்க அவன்?" என்றார். கீழே இருக்கிறான், மயக்கம்போல இருக்கிறது என்றேன். எட்டிப் பார்த்தார். கேனைப் போட்டுவிட்டுப் படிக்கல்லில் இறங்க ஆரம்பித்தார். "வெளக்கு எரிஞ்சுச்சுல்ல பாய்?" என்று இறங்கிக்கொண்டேதான் கேட்டார். அணைந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றிருப்பார். ஆனால் பிறகு ஏன் அவனை இறக்கினீர்கள் என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். "எரிஞ்சுச்சு. பாத்து எறங்குங்க" என்றேன். கயிற்றைப் பிடித்து அடிக்குப் போனவர், காளிராஜின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினார். அரை ஆள் உயரம் தூக்கிவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்து இழுங்க என்று சொல்ல வாயெடுத்தார். அப்படியே அவன்மேல் படுத்துவிட்டார்.

இதுதான் நடந்தது. விளக்கு இறக்கச் சொன்னவர் வீரபாண்டி, பொய் சொன்னவன் நான். நேற்றுக் காரிய வீட்டில் அவர் மனைவி ரேணுகாதேவி என்னைக் கும்பிட்டு, "கடைசி நேரத்துல நீங்க ஒருத்தராவது கூட இருந்தீகளேண்ணே, அது போதும்" என்றார்கள். அழுகை வந்தது. அங்கேயே சொல்லியிருப்பேன், கூட்டம் இருந்தது. இப்போது சொல்லிவிட்டேன், மனசு லேசாக இருக்கிறது. என் தப்பை நானேதான் சொல்லியிருக்கிறேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். வீரபாண்டி விழுந்த பிறகு கிணற்றுக்குள் சத்தம் எதுவும் இல்லை. ஆனால் காளிராஜின் ஒரு கால் கொஞ்சநேரம் ஆடிக்கொண்டிருந்தது. போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தேன், மறுபடி உள்ளே வைத்தேன். அடித்துச் செய்த இரும்பு மிருதுவானது, கல்லில் பட்டால் கழுத்து வளைந்துவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது, அடித்துப் பார்த்தால்தான் தெரியும். புல்துண்டை விரித்து ஒரு பந்தை வைத்து ஒரே ஒரு தடவை அடித்தேன். நேராகப் போனது. அது விழுந்து உருண்டு நிற்கும்வரை பார்த்தேன், பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.